திங்கட்கிழமை மூடியிருக்கும் அரண்மனை

அண்ணை பிரான்ஸில் இறந்த செய்தி வந்தபோது நான் பாடசாலையில் எட்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகிற பஸ்ஸிலேயே மாரடைப்பு என்று அவருடைய மனைவி தொலைபேசியில் சொன்னா. கேட்டுவிட்டு, மிச்சமிருந்த ஏழு தாள்களையும் திருத்தி முடித்த பிறகுதான் எழும்பினேன். செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தேன். அழுகை வரவில்லை. பிறகு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பத்து மாதம் கழித்து மச்சாள், அண்ணையின் மனைவி, மறுபடி தொலைபேசி எடுத்தா.

“வருஷம் முடியுற ஆட்டைத் திவசத்துக்கு வாருமன். நான் விசாவுக்குக் கடிதம் அனுப்பிறன். வந்தால் அவர் வேலை செய்த அரண்மனையையும் ஒருக்காப் பாப்பம். நானும் உள்ளுக்குப் போனதில்லை.”

“இவ்வளவு வருஷமாயோ?”

“ஓம். அவருக்கு விருப்பமில்லை. நான் கூட்டித் துடைக்கிற இடத்தில நீ வந்து என்னத்தைப் பாக்கப்போறாய் எண்டுவார்.”

அது பாரிஸுக்கு வெளியே பழைய ராசா ஒருவர் கட்டிய அரண்மனை. இப்போது ஓவியங்கள் வைத்திருக்கும் நூதனசாலை. பின்னால் பெரிய பூந்தோட்டம். சனம் வருமுன் அண்ணை அந்த மண்டபங்களின் நிலத்தைத் துடைத்து முடிக்க வேண்டும். எங்கள் ஊரான ஊர்காவற்றுறையில் நாங்கள் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. ‘நூதனசாலையில் வேலை’ என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

விசாவுக்கு எந்த நாளில் எங்கே போவேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை. ஒரு கொப்பியில் கோடு கீறி நாள், இடம், நேரம் என்று பிரித்தேன். பின்னேரங்களில் யன்னலடிக் கதிரையில் இருந்து கைபேசியில் அந்த அரண்மனையின் வரைபடத்தைப் பார்ப்பேன். எந்த வாசலால் நுழைவது, கைப்பையை எங்கே வைப்பது, கழிப்பறை எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எழுதும்போது அண்ணையின் நினைவு வரவில்லை என்பதையும் கவனித்தேன்.

“என்ன, காணி உறுதி வாசிக்கிற மாதிரி வாசிக்கிறீர்?” என்றார் என் கணவர்.

“தோட்டம் பெரிசாக் கிடக்கு. எங்கட வீட்டில இருந்து துறைக்குப் போற தூரம், ஒரு பக்கம் மட்டும்.”

“உம்மட முழங்கால் தாங்குமோ?”

“இடையில இருக்கிறதுக்கு வாங்கு போட்டிருக்காம்.”

அவர் தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அண்ணை ஒருமுறை ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். மிகப் பெரிய படம். அதன் கீழ்மூலையில் ஒரு நாய். குனிந்து துடைக்கும்போது அதன் முகம் தன் முகத்துக்கு நேரே வரும் என்றார். கைபேசியில் தேடினேன். அங்கிருந்த படங்களில் ராசாக்களும் சீமாட்டிகளும் போன இடமெல்லாம் நாய் கொண்டுபோயிருந்தார்கள். எது அண்ணையின் நாய் என்று தெரியவில்லை. மச்சாளிடம் கேட்டேன்.

“நாயோ?” என்றா. “எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.”

கேட்டிருக்கக் கூடாது என்று பட்டது. உடனே பஸ் நேரத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன்.

திவசத் திதி ஒரு திங்கட்கிழமையில் வந்தது. அன்று பின்னேரம் அரண்மனைக்குப் போவதென்று எழுதி முடித்த பிறகுதான், திங்களில் நூதனசாலை பூட்டு என்பதைக் கண்டேன்.

“ஐயோ, எனக்குத் தெரியும், மறந்துபோனன்,” என்றா மச்சாள். “திங்களிலதான் அவருக்குக் கூட வேலை. பூட்டுற நாளிலதான் நிலத்துக்கு மெழுகு போடுவினம். முதுகு நோகுதெண்டு கொண்டு வருவார்.”

“அப்ப அண்டைக்கு விடுவமோ?”

“வேண்டாம். தோட்டம் திறந்திருக்கும். அண்டைக்குத் தோட்டத்துக்குப் போவம். அடுத்த நாள் உள்ளுக்குப் போவம்.”

திங்கள் தோட்டம், செவ்வாய் காலை பத்து மணிக்கு நூதனசாலை என்று மாற்றி எழுதினேன்.

கொழும்பில் விசாவுக்குக் கைரேகை எடுக்கிற இடத்தில் தமிழ் தெரிந்த ஒரு பிள்ளை என் தாளைப் பார்த்தாள்.

“ஏன் ஒரே இடத்துக்கு ரெண்டு நாள்?”

“என்ர அண்ணை அங்க வேலை செய்தவர்.”

“காவலாளியா?”

“இல்லை. கூட்டித் துடைக்கிறவர்.”

அதை முதன்முதலாக வெளியாள் ஒருவரிடம் சொன்னேன். சொன்னதும் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். அவள் தட்டச்சு செய்தாள். அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

விசா கிடைத்து, பிரான்ஸுக்குப் போனேன். திவசம் காலையில் முடிந்தது. பின்னேரம் தோட்டத்தில் மழை தூறியது. செடிகளையெல்லாம் அளந்து வெட்டியிருந்தார்கள். அரண்மனையின் யன்னல்கள் சாத்தியிருந்தன. உள்ளே மெசின் இரையும் சத்தம் மெல்லியதாகக் கேட்டது. மச்சாள் குடையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றா. “வாரும், குளிருது,” என்றா. போனோம்.

செவ்வாய் பத்து மணிக்கு உள்ளே போனோம். என் கொப்பியைப் பார்த்து முதலாம் மண்டபம், இரண்டாம் மண்டபம் என்று நடந்தோம். மூன்றாவதில் சுவரோரம் ஒரு நீண்ட வாங்கு இருந்தது. மச்சாள் அதில் இருந்தா, நானும் பக்கத்தில் இருந்தேன். எதிரே பொன்சட்டம் போட்ட பெரிய படங்கள். அவற்றைப் பற்றி நான் எழுதி வைத்திருந்ததை மெதுவாக வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் என் தோளில் பாரம் விழுந்தது. மச்சாள் நித்திரையாகியிருந்தா. வாய் இலேசாகத் திறந்திருந்தது.

சனம் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. சீருடை போட்ட ஒரு பெண் காவலாளி கிட்ட வந்தாள். மச்சாளின் முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பி வாசலடிக்குப் போய்விட்டாள்.

கை விறைத்தது. நான் அசையவில்லை. முக்கால் மணித்தியாலம் அப்படியே இருந்தோம். கண் விழித்ததும் மச்சாள் வெட்கப்பட்டு, “எழுப்பியிருக்கலாமே,” என்றா.

“நீங்கள் நல்லா நித்திரை கொண்டனீங்கள்,” என்றேன்.

“ஓம்,” என்றா. “கன நாளைக்குப் பிறகு.”