அம்மா கொண்டுபோன கௌதி

எங்கள் வீட்டில் பழைய துணிக்கு ஒரு சட்டம் இருந்தது. சந்தையிலிருந்து வந்த எந்தத் துணியும் சலவைச் சோடா போட்ட கொதிநீரில் வெந்து எழுந்திருக்காமல் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. சட்டம் போட்டவள் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. காவல் காத்ததும் அவள்தான், மீறினால் முதுகில் ஒன்று வைத்ததும் அவள்தான்.

“ஊரு பேரு தெரியாதவங்க வேர்வைடி அது. அத உள்ள கூட்டியாந்து குந்த வைக்கணுமா?” என்பாள்.

விவேக் நகரில், கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால் போகும் சந்தில் எங்கள் வீடு. அத்தை கௌதி தைத்து விற்றாள். பழைய துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கையால் நூலோட்டித் தைக்கிற கனத்த போர்வைக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர். எங்கள் சந்துத் தமிழர்களும் அப்படியே சொன்னோம். நவம்பர் பிறந்துவிட்டால் பெங்களூர்க் குளிருக்கு அத்தையின் கௌதியைத் தேடி ஆஸ்டின் டவுனிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள்.

துணி வாங்க ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிக்பேட்டைப் பக்கம் கிளம்புவோம். அங்கே தெருவோரம் தார்ப்பாய் விரித்து, பணக்கார வீடுகளில் கழித்துப்போட்ட சட்டைகளும் புடவைகளும் கவுன்களும் மலை மாதிரி குவிந்து கிடக்கும். அத்தை அந்த மலைக்குள் முழங்கை வரை கையை விட்டு, பார்க்காமலேயே நல்ல பருத்தியை இழுத்து எடுப்பாள். கடைக்காரர், “தேகோ, பாருங்க அம்மா, எல்லாம் பாரின் மால்” என்பார். “எந்த பாரின்? நம்ம சிவாஜி நகரா?” என்று அத்தை கேட்பாள். அவரும் சிரித்துவிட்டு விலையைக் குறைப்பார். வாரா வாரம் இதே பேச்சு, இதே சிரிப்பு. இரண்டு பேருக்கும் அலுத்ததே இல்லை.

கோணிப்பை வீட்டுக்கு வந்ததும் என் வேலை ஆரம்பிக்கும். பின்கட்டில் மூன்று கல்லின் மேல் அண்டா. நான் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, கோலால் கிளற வேண்டும். போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. பீடி குடிக்கிறவர் யார், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர் யார், பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைக்கிற வீடு எது என்று சரியாகச் சொல்லிவிடுவேன். சரியோ தப்போ, எதிர்த்துப் பேச அந்த ஆட்கள் யாரும் அங்கே இல்லாததால் எனக்கு என் மூக்கின் மேல் பெரிய மரியாதை இருந்தது.

உண்மையில் நான் தேடியது அம்மாவை. நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அப்பா ஓட்டுகிற ஆட்டோ சொந்தமாக வேண்டும், ஒழுகுகிற ஷீட்டை எடுத்துவிட்டுத் தளம் போட வேண்டும் என்று பெரியவர்களிடம் நியாயமான காரணங்கள் இருந்தன. எனக்கு அம்மா வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. ஒருமுறை சந்தையிலிருந்து வந்த ஒரு நூல் புடவையில் தேங்காய் எண்ணெயும் பவுடரும் வெங்காயமும் கலந்த, கிட்டத்தட்ட அவளுடைய வாசனை இருந்தது. யாரோ ஒருத்தியின் புடவை. அதை அண்டாவில் போடாமல் விறகுக்குப் பின்னால் இரண்டு நாள் ஒளித்து வைத்துக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் முகத்தில் வைத்துக்கொண்டேன். அத்தை கண்டுபிடித்தாள். முதுகில் ஒன்று வைக்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு அதையும் வேக வைத்துவிட்டாள். காய்ந்த பிறகு போய் முகர்ந்தேன். வெயில் வாசனை மட்டும் இருந்தது.

நான்காம் வகுப்பில் இருந்தபோது அம்மா லீவில் வந்தாள். ஒரு மாதம். ஏர்போர்ட்டிலிருந்து அப்பாவின் ஆட்டோவில் வந்து இறங்கியவளை நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கொஞ்சம் வெளுத்திருந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள். கிட்டே போய், வழக்கப்படி முகர்ந்தேன். அம்மா இல்லை. ஏதோ பூவும் சோப்பும் ஏசி அறையும் சேர்ந்த வாசனை. மூன்று வருடம் காத்திருந்தது இதற்கா என்று கதவுக்குப் பின்னாலேயே திரும்பிப் போனேன். அப்புறம் இரண்டு மூன்று நாள் எங்கள் அடுப்படியில் நின்றபின் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குள்ளிருந்து என் அம்மா வெளியே வந்தாள்.

பெட்டியில் எனக்குக் கொண்டுவந்தது போக, அத்தைக்கென்று ஒரு பை நிறைய கவுன்கள் இருந்தன. அந்த வீட்டுக் குழந்தைக்குச் சின்னதாகிப்போனவை. அவளுக்கும் என் வயதுதானாம். கௌதிக்கு ஆகும் என்று எஜமானியிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். வழக்கம்போல அவற்றை அண்டாவுக்கு எடுத்துப்போனேன். ஒவ்வொன்றாக முகர்ந்தேன். வியந்துபோனேன். கக்கத்தில் இல்லை, கழுத்தில் இல்லை, எங்கேயும் ஆளின் வாசனையே இல்லை. சோப்பு வாசனை மட்டும்தான்.

அந்தப் பெண் எப்படி இருப்பாள் என்று அம்மாவைத் துளைத்து எடுத்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

“அவளுக்கு என்ன. ரெண்டு வேள குளிப்பாட்டணும். ஒரு தடவ போட்ட துணிய மறுபடி தொட மாட்டா. எப்ப கிட்ட போனாலும் சோப்பு வாசனதான்.”

குளிப்பாட்டுகிறவளின் அலுப்பு அந்தப் பதிலில் இருந்திருக்க வேண்டும். என் காதில் விழுந்தது வெறும் புகழ்ச்சி. நானோ பள்ளிக்கூடம் விட்டதும் சந்தில் கபடி ஆடிவிட்டு, புழுதியும் வேர்வையுமாக வருகிறவள். அம்மா அப்படியே என்னை இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள். அத்தை உள்ளேயிருந்து, “மொதல்ல போய்க் குளிடி, நாத்தம் கொடல புடுங்குது” என்பாள். அம்மா, “இருக்கட்டும் அண்ணி” என்பாள். இருவரில் அத்தை சொல்வதைத்தான் நான் நம்பினேன். துணி விஷயத்தில் அவள் சொன்னது ஒருபோதும் தப்பியதில்லை.

ஒருநாள் அப்பா வாசலில் யாரிடமோ, “இந்தத் தடவ போனா மூணு வருஷம் ஒப்பந்தம்” என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அன்றைக்கே முழுக் கணக்கும் எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா போவது அந்தச் சுத்தமான பெண்ணிடம். நானும் அவளைப் போலச் சுத்தமாகிவிட்டால் அம்மா எதற்குப் போக வேண்டும்? கபடியை விட்டேன். பல் இரண்டு தடவை தேய்த்தேன். அம்மா கூப்பிட்டாலும், கை கால் கழுவிவிட்டுத்தான் கிட்டே போனேன். அவள் முகம் ஏனோ வாடியது. இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருந்தபோது அம்மா அத்தையிடம் ஒரு கௌதி கேட்டாள்.

“நான் படுக்கற ரூம்ல ஏசி வெறைக்குது அண்ணி. மெல்லிசா ஒண்ணு தெச்சுக் குடுங்க. இவ பழைய துணியில.”

“சந்தையில எவ்வளவோ நல்ல துணி கெடக்கே, இதையா…” என்று ஆரம்பித்த அத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. எனக்குச் சின்னதாகிப்போன கவுன்கள், கிழிந்த பாவாடை, இவையெல்லாம் சரி. அம்மா அழுக்குக் கூடையிலிருந்து, நான் அன்று கழற்றிப்போட்ட யூனிஃபார்மையே எடுத்துக் கொடுத்தாள். என் தலையணை உறையையும் உருவிக் கொடுத்தாள். அத்தை அவற்றை அண்டாவுக்கு அனுப்பவில்லை. அப்படியே கத்தரியை வைத்தாள். சட்டம் போட்டவளே மீறுகிறாள்.

“அத்தே, வேக வைக்கல?”

“இது என்ன சந்தைத் துணியா? நம்ம வீட்டுத் துணி. போடி அந்தாண்ட.”

நாட்கள் குறைவு, அதனால்தான் அத்தை சோம்பல் படுகிறாள் என்று முடிவுகட்டினேன். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஓரத்திலிருந்து நூலோட்டினாள். வந்த நாளாக அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த வேலையின்போதுதான். இடையிடையே துண்டுகளை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுபோவாள். தையல் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். என் கவலை வேறு. இதை அந்த வீட்டில் போய் விரித்தால் என்ன ஆகும்? சோப்பு வாசனைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, உன் மகள் இப்படித்தான் நாறுவாளா என்று அம்மாவைக் கேட்க மாட்டாளா?

கௌதி முடிந்த மறுநாள் வியாழக்கிழமை. அம்மாவும் அத்தையும் மெழுகுவர்த்தி ஏற்றக் கோயிலுக்குப் போனார்கள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் போனால் திரும்பிவர மத்தியானமாகும். நான் தலைவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தேன். அவர்கள் சந்து திரும்பியதும் எழுந்து அடுப்பு மூட்டினேன். அண்டாவில் வழக்கத்தைவிட இரண்டு பங்கு சோடா போட்டேன். கௌதியை உள்ளே அமுக்கி, அத்தை எப்படிக் கிளறச் சொல்வாளோ அப்படி, அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிக் கிளறினேன். தண்ணீர் பழுப்பாக மாறியது. என்னிடம் இவ்வளவு அழுக்கா என்று ஒருபக்கம் வெட்கம், எல்லாம் போகிறதே என்று ஒருபக்கம் சந்தோஷம்.

ஊறியபின் அதைத் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னட ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். “எஷ்டு ஜாணெ நீனு” என்று என் சமர்த்தை மெச்சிவிட்டு, அம்மா ஊருக்குப் போகிறாள் என்றதும் பொறுப்பு வந்துவிட்டது பார் என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். அன்று நல்ல வெயில். மத்தியானத்துக்குள் கொடியில் கௌதி முக்கால்வாசி காய்ந்துவிட்டது. நீல யூனிஃபார்மின் சாயம் லேசாக இறங்கியிருந்தது. மற்றபடி அப்பழுக்கில்லை. மூக்கை வைத்துச் சோதித்தேன். ஒன்றுமே இல்லை. குவைத்துக் கவுன்களுக்குச் சமமாக வந்திருந்தது.

அவர்கள் வந்தார்கள். கொடியைப் பார்த்து முதலில் நின்றவள் அத்தை. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

“வேணாம் அண்ணி.”

அம்மா கொடிக்குப் போனாள். கௌதியின் ஒரு மூலையை எடுத்து முகத்தில் வைத்தாள். பிறகு இன்னொரு மூலை. பிறகு நடுவில். தலையணை உறைத் துண்டு இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் பரிசுக்குக் காத்திருக்கிறவளாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

“நானே தொவச்சேம்மா. ரெண்டு பங்கு சோடா போட்டு.”

“நல்லா தொவச்சிருக்கடா கண்ணு” என்றாள் அம்மா. குரல் கரகரத்தது. புகை, அடுப்பை நான் சரியாக அணைக்கவில்லை என்று நினைத்தேன். அத்தை உள்ளே போய்விட்டாள். அன்று முழுக்க அவள் என்னைத் திட்டவே இல்லை என்பதையும் என் வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள்தான் பயணம். புதிதாகத் தைக்கவும் நேரமில்லை, அப்படித் தைக்க என் அழுக்குத் துணி ஒன்றும் மிச்சமும் இல்லை. சமர்த்து பொங்கி எல்லாவற்றையும் அன்றே துவைத்துவிட்டிருந்தேன். கௌதியை மடித்துப் பெட்டியில் மேலாக வைத்தாள் அம்மா. அப்படியும் அவள் கிளம்பத்தான் போகிறாள் என்பது பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியபோது எனக்கு உறைத்தது. அழுகை முட்டியது. ஏன் என்று யோசித்தேன். துணியெல்லாம் சுத்தம். நான் இன்னும் அழுக்காக இருக்கிறேனே, அதுதான் குறை.

கிளம்பும் நாள் காலையிலிருந்து அம்மா என்னைக் குளிக்க விடவே இல்லை. தூங்கி எழுந்த கோலத்தில், எண்ணெய் வழிந்த தலையோடு பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தாள். அப்பா ஆட்டோவைத் துடைக்கப் போன சமயம், “இரும்மா, குளிச்சுட்டு ஓடியாந்துடறேன்” என்றேன்.

“வேணாண்டா. இப்படியே இரு. நேரமாச்சு, வா இங்க.”

நேரமாகிவிட்டதே என்று எனக்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று தோன்றியது. கையை உருவிக்கொண்டு ஓடினேன். அலமாரியில், பிரித்தால் தீர்ந்துவிடும் என்று தொடாமல் வைத்திருந்த குவைத்துச் சோப்பைப் பிரித்தேன். அந்தப் பெண் தேய்த்துக் குளிக்கிற அதே சோப்பு. கழுத்து, காது மடல், கக்கம், தலைமுடி எல்லாம் நுரை வரத் தேய்த்தேன். தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி தேய்த்தேன். அம்மா கதவைத் தட்டித் தட்டி, போதும் வா, போதும் வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்தபோது ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது. ஈரத்தோடே என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள் அம்மா. கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். காதுக்குப் பின்னால் வைத்தாள். உச்சியில் வைத்தாள். மறுபடியும் கழுத்துக்கு வந்தாள். அப்பா இரண்டு முறை ஹாரன் அடித்தும் விடவில்லை. எதையோ தேடுகிறாள் என்று எனக்கே தெரிந்தது. எங்கேயாவது துளி அழுக்கு மிச்சமிருந்து அவளிடம் அகப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.