எல்லாம் இடது கை

அந்தத் தையல் கூடத்தில் அவளுக்குப் பெயர் கத்திரி. கையில் இருந்ததைப் பார்த்து வைத்தார்களா, வாயில் இருந்ததைப் பார்த்து வைத்தார்களா என்று கேட்டால் கூடத்தில் பாதிப் பேர் ஒன்று சொல்வார்கள், மீதிப் பேர் மற்றதைச் சொல்வார்கள். இரண்டுமே உண்மைதான். முழங்கை நீளத்துக்கு இருக்கும் அந்த இரும்புக் கத்திரியை அவள் யாரிடமும் கொடுக்க மாட்டாள். நூல் வெட்டக் கொஞ்சம் தரியா என்று கேட்டு வந்தவளை, "ஏண்டி, உன் பல்லு எங்க போச்சு?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியவள்.

போருக்கு முன்னால் அங்கே பள்ளிக்கூடச் சட்டையும் மாப்பிள்ளைக் கோட்டும் தைத்துக்கொண்டிருந்தார்கள். போர் வந்தது. வாசலில் ஒரு சிப்பாயை நிறுத்தினார்கள், ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள், வருவதெல்லாம் பட்டாளத்துத் துணியாகிவிட்டது. எந்தத் துணி வந்தால் என்ன? கத்திரி மேசையில் விரிப்பாள், அளவு அட்டையை வைப்பாள், சாக்கட்டியால் ஒரு கோடு, அப்புறம் ஒரே மூச்சில் வெட்டு. ஓரத்தில் உதிரும் துண்டு கைக்குட்டைக்குக்கூட ஆகாது. அந்தக் கர்வம் அவளுக்கு ஏகத்துக்கும் உண்டு. "என் மேசையிலேர்ந்து தப்பு வந்துச்சுன்னா, உங்க கண்ணை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு எதிர் மேசையில் வாய்த்தது யார் என்கிறீர்கள்? சொந்த நாத்தனார். புருஷனின் தங்கை. கோட்டுகளுக்குக் கை தைத்து, தோளில் பொருத்துவது அவள் வேலை. இருவரும் ஒரே தெருவிலிருந்து கிளம்பி, தெருவின் இரண்டு ஓரமாக நடந்து, ஒரே கூடத்துக்கு வந்து சேர்வார்கள். நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது.

காரணம் சின்னதல்ல. போன குளிர்காலத்தில் கத்திரியின் புருஷன் பட்டாளத்தோடு பனிமலைக்குப் போனான். குண்டு படவில்லை. குளிர்தான் கொன்றது. கம்பளிக் கோட்டு மூட்டைகள் மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது அவனைப் புதைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மேலிடத்துக்குப் புத்தி வந்து, கோட்டு இல்லாமல் ஒரு ஆள்கூட மலைக்குப் போகக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு போட்டார்கள். "நீ ஒரு வார்த்தை தடுத்திருந்தா எங்கண்ணன் போயிருக்க மாட்டான்" என்றாள் நாத்தனார். "உங்கண்ணன் யாரு சொல்லி எதைக் கேட்டாரு?" என்றாள் கத்திரி. அன்றோடு பேச்சு நின்றது.

கத்திரியோடுதான் நின்றது. ஊரோடு நிற்கவில்லை. குழாயடியில், டீக்கடை பெஞ்சில், பக்கத்து மிஷின்காரியின் காதில் என்று நாத்தனார் அண்ணியைப் பற்றி ஓயாமல் பாடிக்கொண்டிருந்தாள். "எங்கண்ணிக்கு வெட்டவா தெரியும்? என்னமோ குருட்டு அதிர்ஷ்டம், ஓடிக்கிட்டிருக்கு. மனசு இங்க, கண்ணு எங்கயோ." கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

கத்திரிக்கு ஒரே மகன். மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது, அதற்குள் பட்டாளத்தில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் முகாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, முகாம் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே வீட்டுச் சாப்பாட்டைக் காலி செய்துவிட்டுப் போவான். அப்படி ஒரு ஞாயிறு, வாய் நிறைய வைத்துக்கொண்டே சொன்னான்: "அம்மா, எங்களுக்கு மலைதான்னு முடிவாயிடுச்சு. கோட்டு கைக்கு வந்த மறுநாள் ரயில். உன் மேசைக்குத்தான் துணி வருதாம். கொஞ்சம் சீக்கிரமா வெட்டேம்மா."

கத்திரி இன்னொரு கரண்டி போட்டாள். அவள் பேசாமல் இருந்தது பையனுக்குப் பயமாகிவிட்டது. "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

துணி வந்தது. கூடவே இன்னிக்கே சாரும் வந்தார். பட்டாளத்துச் சரக்கு அதிகாரி அவர். எதைக் கேட்டாலும் "இன்னிக்கே வேணும்" என்பார். டீ கேட்டாலும் அப்படித்தான் கேட்பார். அந்த நல்ல மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரைக் கூடமே மறந்துவிட்டது. மேசை மேசையாகப் போய், ரயில் காத்திருக்கிறது, மலை காத்திருக்கிறது, நாடே காத்திருக்கிறது என்று விரட்டினார்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். கோட்டுத் துணிக்கு ஒரு பக்கம் ரோமம், மறுபக்கம் மொட்டை. கைகளுக்கு வெட்டும்போது ரோமத்தோடு ரோமம் ஒட்டுகிற மாதிரி மடித்துப் போட வேண்டும். அப்போதுதான் மேல் துண்டு ஒரு கைக்கும் கீழ்த் துண்டு மறு கைக்குமாக ஜோடி சேரும். மடிக்காமல் எல்லாவற்றையும் ரோமம் மேலே தெரிய அடுக்கி வெட்டினால் ஜோடி வராது, எல்லாம் ஒரே பக்கத்துக் கையாக வந்து விழும். தொழிலுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருத்தியும் ஒரு தடவை செய்து, வாங்கிக் கட்டிக்கொள்கிற தப்பு இது.

உடம்புக்கும் முதுகுக்கும் கத்திரி ஒழுங்காக வெட்டினாள். கைகளுக்கு வந்தபோது, துணி பிடிக்க வந்தவளை, "நீ போய் டீ குடி, நான் பாத்துக்கறேன்" என்றாள். கத்திரி ஒருத்தியை டீ குடிக்கச் சொல்கிறாள் என்றால் உலகம் அழியப் போகிறது என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை, ஓடிவிட்டாள். கத்திரி ரோமம் மேலே தெரியத் துணியை அடுக்கினாள். ஒரு கோடுகூடக் கோணவில்லை. அவ்வளவு அழகாக, அவ்வளவு சுத்தமாக, பட்டாளம் முழுவதற்கும் இடது கையாகவே வெட்டித் தள்ளினாள்.

அந்தக் குவியல் நேராக நாத்தனாரின் மேசைக்குப் போனது. முதல் துண்டை எடுத்தாள், இடது. அடுத்ததும் இடது. குவியலின் நடுவில் விரலை விட்டு உருவினாள், அடியிலிருந்து உருவினாள். அப்புறம் தலையை நிமிர்த்தி எதிர் மேசையைப் பார்த்தாள். கத்திரியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் போட்டால் போதும், வாசல் சிப்பாய் உள்ளே வந்துவிடுவான். போர்க்காலத்தில் பட்டாளத்துத் துணியை வேண்டுமென்றே பாழாக்கினால் சிறை, அதற்கு மேலேயும் நடக்கும் என்பார்கள்.

நாத்தனார் நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஊசியில் கோத்தாள். மிஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

இடது தோளில் இடது கை, வலது தோளிலும் இடது கை. தைத்து முடிந்த ஒவ்வொரு கோட்டையும் கைகள் உள்ளே போகிற மாதிரி அவளே மடித்து அடுத்த மேசைக்குத் தள்ளினாள். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற காஜாக்காரி மடிப்பைக் கலைக்காமல் வேலையை முடித்து அனுப்பினாள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

கோட்டுகளை எடுத்துப் போக வந்த இன்னிக்கே சாருக்கு ஆசை யாரை விட்டது? நன்றாக வந்திருக்கிறதே என்று ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தார். இடது கை சுகமாகப் போனது. வலது கையும் போனது, ஆனால் முழங்கைக்குக் கீழே முதுகுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. யாருக்கும் தெரியாமல் பின்னால் கை நீட்டி லஞ்சம் வாங்குகிறவர் மாதிரி நின்றார். எங்கோ ஒரு மிஷினுக்குப் பின்னாலிருந்து 'களுக்' என்று ஒரு சிரிப்பு. அதைக் கழற்றி வீசிவிட்டு இன்னொன்றை மாட்டினார். அதுவும் லஞ்சம் கேட்டது. மூன்றாவதைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாற்றித் தைக்கக் கம்பளித் துணி ஒரு முழம் மிச்சமில்லை. அடுத்த சரக்கு கப்பலில் வந்தால்தான் உண்டு.

"வெட்டினது யாரு?" என்றார். கேட்ட குரலில் இன்னிக்கே சாரைக் காணோம், வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. அவரோடு வந்த இரண்டு சிப்பாய்கள் கதவை மறித்து நின்றார்கள். "இத்தனை வருஷம் வெட்டின கைக்கு இந்தத் தப்பு வருமா? வேணும்னேதானே செஞ்சே?"

கத்திரி வாயைத் திறப்பதற்குள் எதிர் மேசையிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது.

"அப்பாடா! இப்பவாவது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா சார்?" நாத்தனார் இடுப்பில் கை வைத்து எழுந்து நின்றாள். "நான் எத்தனை நாளா தொண்டை கிழியக் கத்தறேன்! இவங்க எல்லாரையும் கேளுங்க. எங்கண்ணிக்கு வெட்டத் தெரியாது சார். எங்கண்ணன் செத்ததிலேர்ந்து புத்தியும் ஒரு நிலையில இல்ல. அடுப்புல வெச்ச பால் பொங்கறது தெரியாம உக்காந்திருப்பா. இவ கையில கோட்டைக் குடுத்தா கோணிப்பைதான் வரும். சொன்னேனா இல்லையா? ஏய், நீ சொல்லுடி, சொன்னேனா இல்லையா?"

"சொன்னாங்க சார்" என்றாள் பக்கத்து மிஷின்காரி. "தினம் சொல்லுவாங்க." "எங்கிட்டயும் சொன்னாங்க" என்றாள் இன்னொருத்தி. கூடமே சாட்சி சொன்னது. ஒரு வருஷமாக விதைத்த அவதூறு அத்தனையும் அன்று ஒரேயடியாக விளைந்து நின்றது. நாத்தனார் அதைச் சொட்டுச் சொட்டாக ருசித்துச் சொன்னாள் என்பதையும் மறைப்பானேன்? அவளுக்கு அது பெரிய விருந்துதான்.

"நீ தைக்கறப்ப பாக்கலையா?" என்று அவளிடமே திரும்பினார் இன்னிக்கே சார்.

"நீங்கதானே சார் இன்னிக்கே, இன்னிக்கேன்னு தலைமேல நின்னீங்க? வந்ததைத் தெச்சேன். நான் என்ன வெட்டற ஆளா?"

அவர் கத்திரியின் பக்கம் வந்தார். "உண்மையைச் சொல்லு. உனக்கு வெட்டத் தெரியுமா, தெரியாதா?"

கேளுங்கள், அவள் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய கேள்வி யாரும் கேட்டதில்லை. புருஷன் போன பிறகு தலை நிமிர்ந்து நடக்க அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த மேசை ஒன்றுதான். சுற்றிலும் அவள் வாயால் அடி வாங்கிய அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாதுங்க சார்" என்றாள். "எனக்கு வெட்டத் தெரியாது."

சொல்லிவிட்டு அழுதாள். அந்த அழுகை மட்டும் நடிப்பில்லை.

கூலியைப் பாதியாக்கி, மூலையில் உட்கார்ந்து நூல் பிசிறு எடுக்கும் வேலைக்கு அவளைத் தள்ளினார்கள். அவளுடைய கத்திரியை எடுத்து, இவ்வளவு விவரமாகத் தப்பைச் சொன்னவளாயிற்றே என்று நாத்தனாரின் கையில் கொடுத்தார்கள். கோட்டு இல்லாத படையை என்ன செய்வது என்று முகாமில் யோசித்து, துறைமுகத்தில் கிடங்குக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். ஞாயிற்றுக்கிழமை மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"மூட்டைக்குக் காவல் நிக்கறேம்மா. முகாம்ல உன்னைச் சொல்லித்தான் சிரிக்கறாங்க. மானமே போச்சு."

"சிரிக்கட்டும்டா. சிரிக்கறவங்க எல்லாம் உசுரோட இருக்காங்கல்ல?" என்று கத்திரி அவன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். அத்தை வீட்டுப் பக்கம் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வா என்றும் சொன்னாள். பையன் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் போனான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது. கப்பல் வந்தது. கம்பளித் துணி மறுபடியும் மலையாகக் கூடத்தில் இறங்கியது. அடுத்த படைக்கு.

நூல் பிசிறு எடுத்துக்கொண்டிருந்த கத்திரியின் பக்கத்தில் காஜாக்காரி வந்து குந்தினாள். ஒருத்தரிடமும் அதிகம் பேசாதவள். ஒரு பட்டாளத்துச் சட்டையை மடியில் போட்டு, பிசிறு தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள்.

"அக்கா, என் பையன் இந்தப் படையில இருக்கான்."

கத்திரியின் விரல் நின்றது.

"அந்தத் தப்பு... இன்னொரு தடவை ஆகாதாக்கா?"

"எந்தத் தப்புடி?"

"காஜா எடுக்கறப்ப என் மடியிலதானே கெடந்துச்சு அத்தனை கோட்டும். இடது எது, வலது எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் காஜாக்காரி. அவள் அழவில்லை. "நான் யார்கிட்டயும் சொல்லல. இனிமேயும் சொல்ல மாட்டேன். நீங்க முடியாதுன்னாலும் சொல்ல மாட்டேன்."

மிரட்டியிருந்தால் கத்திரி ஒரு கை பார்த்திருப்பாள். தன் பையன் துறைமுகத்தில் வெயில் காய்கிறான், அவன் போகாத மலைக்கு இவள் பையன் போகிறான். கொஞ்ச நேரம் பிசிறு எடுத்தாள். அப்புறம் புடவையை உதறிக்கொண்டு எழுந்து, கூடத்தின் குறுக்கே நடந்து, தன் பழைய மேசையின் முன்னால் போய் நின்றாள். நாத்தனார் துணி மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"காஜாக்காரி பையன் இதுல இருக்கான்" என்றாள் கத்திரி, தணிந்த குரலில்.

"தெரியும். எங்கிட்டயும் வந்தா." நாத்தனார் நிமிரவில்லை. "மறுபடியும் எல்லாம் இடது கைன்னா எவன் நம்புவான் அண்ணி? ரெண்டு பேரையும் தூக்கி உள்ள போட்டுடுவான்."

"நான் செஞ்சாதானே மறுபடியும்? நீ செஞ்சா உனக்கு அது முதல் தடவை."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கத்திரியின் வாய் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வாய் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

"கைப் பக்கம் நான் போகல" என்றாள் கடைசியில். "கழுத்தைப் பார்த்துக்கறேன். ரெண்டு விரல் குறைச்சு வெட்டிட்டா எவனுக்கும் பட்டன் பூட்டாது. ஆனா நான் ஒரு வருஷமா ஊரெல்லாம் உன்னைத் திட்டி வெச்ச மாதிரி என்னைத் திட்டி வெக்க உனக்கு நேரம் இல்ல. இப்பவே போய் ஆரம்பி. எனக்குப் புத்தி இல்ல, கண்ணு இல்ல, கையில வெட்டே இல்லன்னு நாலு பேர் காதுல விழற மாதிரி பேசு. கூசாம பேசு. நான் பேசினேன்ல?"

கத்திரி ஏதோ சொல்ல வந்தாள். வாய்க்கு வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

"இப்ப பாத்து ஊமையாயிடாத அண்ணி" என்றாள் நாத்தனார். "போ."

வெளியே டீ நேரம். பெஞ்சு நிறைய ஆட்கள், நடுவில் டம்ளரும் கையுமாக இன்னிக்கே சார். கத்திரி போய் அவர் எதிரிலேயே நின்றாள். மூக்கை உறிஞ்சினாள், இடுப்பில் கை வைத்தாள்.

"அவகிட்டப் போய் என் கத்திரியைக் குடுத்தீங்களே சார், நியாயமா?" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "தன் ரவிக்கைக்கு அளவு எடுக்கத் தெரியாதவ! பட்டாளத்துக்காரன் கழுத்து எங்க இருக்குன்னு கேட்டா இடுப்பைக் காட்டுவா! கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து பாக்கறேன்..."

"குடும்பச் சண்டையை வீட்டுல வெச்சுக்கோங்கம்மா" என்றார் இன்னிக்கே சார் அலுத்துப்போய். "எனக்குக் கோட்டு இன்னிக்கே வேணும்."

உள்ளே நாத்தனார் வெட்டத் தொடங்கியிருந்தாள்.