முத்துவீரன் சொன்ன திசை

அந்தமான் ஜங்லிகாட் துறை முத்துவீரனுக்கு வயர்லெஸில் உண்மை பேசிப் பழக்கமில்லை. மீன் கிழக்கே கிடைத்தால் மேற்கே என்பான். எல்லாப் படகுக்காரர்களும் அப்படித்தான். அவன் கொஞ்சம் அதிகம்.

அவன் தேடுவது சுழலை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கடல் மைல் கணக்கில் அகலமாக, மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும். நடுவில் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே வரும். தண்ணீர் பச்சையாகும், பொடிமீன் சேரும், அதைத் தின்னச் சூரைமீன் வரும். முத்துவீரன் கையை நனைத்தே கண்டுபிடிப்பான். மனைவி ஜெயராணியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அப்படி ஒரு சுழலுக்குள்தான் ஒருநாள் எஞ்சின் நின்றது. கூட வந்த மச்சான் பொன்னுத்துரை கழற்றிப் பார்த்தான். உள்ளே பல்சக்கரம் உடைந்திருந்தது.

ஜிபிஎஸ்ஸில் படகு மிதந்த தடம் நேற்று கிழக்கே போயிருந்தது, இன்று சுழலோடு வடக்கே வளைந்திருந்தது. படகைச் சுற்றிச் சூரை துள்ளியது. குடிதண்ணீர் கேனில் அடி தெரிந்தது.

வயர்லெஸை எடுத்தான். "எஞ்சின் போச்சு. கிழக்கே கிடக்கேன். யாராச்சும் வந்து இழுங்க."

"அப்ப மேற்கே போனா மீன் இருக்கும்ணே," என்றான் வேறொரு படகிலிருந்து முத்துராஜ். பல படகுகளில் சிரிப்பு.

"டேய், நெசமாடா."

பொய் சொல்லாதே பாய் என்று இந்தியில் ஒரு குரல்.

"மேற்கேன்னு சொல்லு மச்சான்," என்றான் பொன்னுத்துரை. "கிழக்கே வருவானுங்க."

"எவனாவது நம்பிட்டா?"

முத்துவீரன் தண்ணீரில் கையை நனைத்துப் பார்த்தான். பிறகு பேசினான்.

"கேளு முத்துராஜு. தண்ணி பச்சையா இருக்கு, தொட்டா சில்லுங்குது. நுரை கோடு கட்டி நிக்குது. அதுக்கு உள்பக்கம் பூரா சூரை. இது நகரும், பழைய இடத்துல தேடாதே. நுரையப் பிடிச்சு வா." ஜிபிஎஸ் எண்ணையும் சொன்னான்.

யாரும் சிரிக்கவில்லை.

"எண்ணைத் திரும்பச் சொல்லுண்ணே," என்றான் முத்துராஜ்.

பிற்பகலில் முத்துராஜின் படகு வந்தது. ஒரு தண்ணீர் கேனை எறிந்துவிட்டுத் தூண்டில்களை இறக்கினான்.

"கயிறு போடுடா!"

"இருண்ணே, இழுத்தா மீன் கலைஞ்சிடும். முடிச்சிட்டு வர்றேன்."

அவன் படகு இவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. அப்போது வயர்லெஸில் யாரோ கேட்டார்கள்: "முத்துவீரன் அங்க இருக்கானா?"

எதிரே முத்துராஜ் மைக்கை வாயருகே கொண்டுபோவது தெரிந்தது.

"இங்க ஒண்ணுமில்ல. அவனும் இல்ல, மீனும் இல்ல. வழக்கம்போல."

சிரிப்பு எழுந்தது. முத்துவீரன் தன் மைக்கை எடுத்தான். கயிறு முத்துராஜிடம் இருந்தது. மைக்கைத் திரும்ப மாட்டினான்.