காற்று விற்ற ஊர்

“கடற்கரையில் ஒரு நாள்கூட இருந்திராத நீ அதைப் பற்றி என்ன எழுதிவிடப் போகிறாய்?” என்று வகுப்பு நடுவே என்னைக் கேட்டார் எங்கள் தலைமை ஆசிரியை. ஏழு வயதில் நாகப்பட்டினத்திலிருந்து ரங்கூனுக்கு, கப்பலின் மேல்தட்டில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்தவள் நான். அது அவர் கணக்கில் கடல் இல்லை. கடல் என்றால் இங்கிலாந்தில் அவர் பிறந்த ஊரில் இருப்பது மட்டும்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஊரின் பெருமையை எங்களுக்குப் பாடமாக நடத்துவார். கறுப்பு அட்டை போட்ட புகைப்பட ஆல்பம் ஒன்று வகுப்பைச் சுற்றி வரும். படத்தில் விரல் படக்கூடாது, ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும். கடலுக்குள் நெடுந்தூரம் நீட்டிக் கட்டிய இரும்புப் பாலம், அதன் நுனியில் இந்த நூற்றாண்டில் எழுப்பிய நடன மண்டபம், பாண்டு வாசிக்கும் மேடை, பெண்கள் உடை மாற்றச் சக்கரம் வைத்த மரக்கூண்டு, ஜெர்மன் சண்டையில் செத்த பையன்களுக்குப் புதிதாக நட்ட கல். எதற்குப் பக்கத்தில் எது என்று வரிசை தவறாமல் ஒப்பிக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ரங்கூனின் தங்கக் கோபுரம் மழையில் நனைந்துகொண்டு நிற்கும். அதைப் பற்றி நான்கு வருடத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

பாலம் எந்தக் கரைக்குப் போகிறது என்று ஒருமுறை கேட்டேன். எங்கும் போகாது என்றார். அப்படியானால் என்ன சரக்கு இறங்கும் என்று கேட்டேன். அப்பா துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்குகிறவர். தண்ணீருக்குள் நீட்டிய மேடை என்றால் எனக்கு மூட்டைதான் நினைவுக்கு வரும். வகுப்பே சிரித்தது. வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு போய், சும்மா நடந்துவிட்டுத் திரும்புவார்கள் என்று விளக்கினார். வீட்டில் சொன்னபோது அப்பா நம்பவில்லை. “நடக்கிறதுக்கா காசு? அந்தம்மா ஒன்னய நல்லா ஏமாத்துது தாயி” என்றார்.

கடைசி வருடக் கட்டுரைப் பரீட்சைக்கு அந்தப் பாலத்தையே தலைப்பாகக் கொடுத்தார். மாலையில் மக்கள் அங்கே காற்று வாங்கப் போவார்கள் என்று தமிழில் நினைத்து, ‘வாங்க’ என்பதை விலைக்கு வாங்குவதாகவே இங்கிலீஷில் எழுதிவிட்டேன். பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். திருத்திக் கொடுத்திருக்கலாம். அவரோ என்னை எழுப்பி நிறுத்தி, அந்த வரியை மூன்று முறை உரக்க வாசித்தார். பிறகு, “உங்கள் பபேடான் கடைத்தெருவில் காற்று வீசை என்ன விலை?” என்றார்.

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். “எங்கள் ஊரில் சும்மா கிடைக்கிறது, மிஸ். உங்கள் ஊரில்தான் வாசலில் சீட்டுக் கொடுத்து விற்கிறார்கள்.”

இந்த முறை ஒருத்தியும் சிரிக்கவில்லை.

ஆசிரியைப் பயிற்சியில் சேரத் தலைமை ஆசிரியை தரும் நன்னடத்தைச் சான்று வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் தாள் இல்லாவிட்டால் படிப்பு அத்தோடு நின்றுவிடும். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவேன், இல்லையென்றால் இல்லை என்று சொல்லியனுப்பினார். மொழிப்பிழைக்கு என்றால் நூறு முறை எழுதியிருப்பேன். அவர் மன்னிப்புக் கேட்கச் சொன்னது பதில் பேசியதற்கு. “ஒரு வரிதானே தாயி, எளுதிக் குடுத்திரேன்” என்று அப்பா கெஞ்சினார். அப்படி என்னதான் சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன். “அதுல பொய் ஒண்ணும் இல்லியே” என்றார். அதற்குப் பிறகு மன்னிப்புப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

ஒரு வருடம் வீட்டில் கிடந்தேன். தலைமை ஆசிரியை வேலையை விட்டு அந்தக் கடற்கரைக்கே திரும்புகிறாராம். வழியனுப்பும் கூட்டத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. போகவில்லை. அவர்மேல் எனக்கிருக்கும் கசப்பு கொஞ்சமும் குறையவில்லை, குறைய வேண்டுமென்றும் நான் நினைக்கவில்லை.

ரங்கூனிலேயே தாமுவே பகுதியில் பர்மிய ஆசிரியை ஒருவர், எல்லோரும் பர்மியத்தில் சயாமா, அதாவது டீச்சரம்மா, என்று அழைக்கிறவர், ஓர் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். அதன் விண்ணப்பத்தில், நன்னடத்தைக்குச் சான்று கூறுபவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். தொழில் என்ற இடத்தில் மூட்டை தூக்குதல் என்று எழுதினேன். கீழே அப்பா பெருவிரல் ரேகை வைத்தார். மை காய்ந்ததும் நானே நடந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.