எந்த ஐம்பது?

போன் திரையில் நிஸாம் நானாவின் பெயர்தான் விழுந்தது. அலுவிகாரையில் என் கராஜில் ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். எண்ணெய்க் கையோடு எடுத்து, "என்ன நானா, இப்பதான் நம்ம ஞாபகம் வந்துச்சா?" என்றேன். பேசியது அவர் மகள் நஸ்ரினா. "மாமா, வாப்பா மௌத்தாகிட்டாங்க. சுபஹு தொழுதுட்டு, நெஞ்சு வலிக்குதுண்டு செல்லிச் சாஞ்சவங்கதான்." அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. வேனுக்கு அடியிலிருந்து வெளியே வரவும் எனக்கு மனம் வரவில்லை. வெளியே வந்தால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேனோ என்னவோ.

நாற்பதாம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். "வாப்பாவப் பத்தி நல்லதா ரெண்டு பக்கம் எழுதித் தாங்க மாமா" என்று நஸ்ரினா கேட்டாள். நல்லதுக்குக் குறைவே இல்லை, மகள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் மற்றதை எழுத உட்கார்ந்தால் பேனா நகர மாட்டேன் என்கிறது. மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நான்காவது.

மாத்தளையில் லொறி, வேன், டிராக்டர் என்று எது வைத்திருந்தாலும் நானாவை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தேய்ந்த இன்ஜினின் உருளைகளைக் குடைந்து சீராக்கும் பழைய போரிங் மெஷின் ஒன்று அவரிடம் இருந்தது. நாங்கள் கராஜ்காரர்கள் இன்ஜினைக் கழற்றி, உருளைகள் இருக்கும் வெறும் இரும்புக் கட்டையை, பிளாக்கை, அவரிடம் கொண்டுபோவோம். அவர் குடைந்து தருவார், நாங்கள் பூட்டுவோம். இருபது வருடத்துக்கு மேல் எனக்கு அவரும் அவருக்கு நானும் இப்படித்தான். நன்றாகக் குடையத் தெரிந்தவர் என்பதைவிடக் குடைய மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவர் என்பதுதான் சரி. நாலந்தாவிலிருந்து ஒருத்தர், இழுவை போதாது, இன்னும் கொஞ்சம் பெரிதாக்குங்கள் என்று பிளாக்கோடு வந்து ஒரு பகல் முழுக்கக் கெஞ்சினார். நானா தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார், பணிஸ் வாங்கிக் கொடுத்தார், பிளாக்கை மட்டும் தொடவில்லை. "வெட்டின இரும்ப ஒட்ட ஏலா தம்பி. இது ரொட்டி மா இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவருடைய இன்னொரு வழக்கம், எண் சொன்னால் திருப்பிக் கேட்பது. எங்கள் தொழிலில் இரண்டு அளவு புழங்குகிறது. பழைய அளவு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கராஜ் வாயில் அதற்குப் பெயர் தவ். புதிய அளவு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு, அதை மில்லி என்போம். இரண்டையும் வெறும் எண்ணாகத்தான் சொல்லித் தொலைப்போம். மில்லி ஐம்பது என்றால் அரை மில்லிமீற்றர். தவ் ஐம்பது அதைப்போல இரண்டரை மடங்கு. அதனால் யார் வந்து ஐம்பது என்றாலும் நானா மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "எந்த ஐம்பது?" என்பார். எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது என்று அவரிடம் புலம்பினபோதும் அதேதான். "எந்த ஐம்பது செல்வம்? தவ்வுண்டா கொஞ்சம் பெரிய ஐம்பதாச்சே!" நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கில் ஏறிவிட்டது.

இனி அந்த விஷயம். வில்கமுவ ராஜேந்திரன் நெல் ஏற்றும் ஒரு பழைய லொறி வைத்திருந்தான். மூட்டை ஏற்றினால் ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து வாகனம் வராத காலம் அது. பெரிய இன்ஜின் வாங்க வழியில்லை. இருக்கிற இன்ஜினையே பெரிதாக்குவோம் என்று நான்தான் சொன்னேன். உருளையின் வாயைக் கொஞ்சம் அகலமாக்குவது, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்டுவது, இரண்டும் சேர்ந்தால் அதே பிளாக்கில் கூடுதல் இழுவை கிடைக்கும். அதே இன்ஜினின் பெரிய மாடலுக்குரிய கிராங்க், பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டு, ஒன்று தேடிப் பிடித்தோம். தூரத்தைக் கூட்டும் வேலையை நானா தங்கமாகச் செய்தார். புதுக் கிராங்க் சுற்றும்போது எங்கே தட்டும் என்று பேத்தியின் விளையாட்டுக் களிமண்ணை உள்ளே ஒட்டிச் சுற்றிப் பார்த்து, தட்டும் இடத்தை மட்டும் ராவி எடுத்தார். களிமண்ணைத் திருப்பிக் கொடுத்தபோது பேத்தி கறுத்துப் போச்சு என்று அழுததும், அவர் புதுப் பெட்டி வாங்க ஓடியதும் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மிச்சம் உருளையை அகலமாக்குவதுதான். பிஸ்டனைக் கையில் வாங்காமல் நானா உருளையைத் தொடமாட்டார். பிஸ்டன் கொழும்பிலிருந்து வந்தபாடில்லை. அறுவடை தொடங்கிவிட்டது. ராஜேந்திரன் மணிக்கொரு தடவை போன் பண்ணுகிறான். நான் நானாவுக்குப் போன் பண்ணி, "ஐம்பதுதான் நானா, குடைஞ்சு எடுத்து வைங்க" என்றேன்.

"எந்த ஐம்பது?"

பிஸ்டனுக்கு ஓடர் கொடுத்த பில், அளவோடு, என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கை எண்ணெயாக இருந்தது, அலுப்பாக இருந்தது. "பழைய இன்ஜினுக்கு வேற என்ன நானா, தவ்வுதான்" என்றேன்.

"அம்பது தவ் கூடல்லவா செல்வம்? செவர் தாங்குமா?"

"பெரிய மாடலுக்குத் தாங்குது, இதுக்குத் தாங்காதா? எடுங்க நானா, சும்மா இழுக்காம!"

என் வார்த்தையை நம்பி எடுத்தார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பிஸ்டனைப் பார்க்காமல் எடுத்தார்.

பிஸ்டன் வந்தது. மில்லி ஐம்பது. உருளைக்குள் விட்டால் தகர டப்பாவில் கல் மாதிரி ஆடியது. அந்தப் பெரிய அளவுக்குப் பிஸ்டன் எங்கேயும் கிடையாது. உள்ளே குழாய் இறக்கிச் சரிக்கட்டலாம் என்று இன்னும் கொஞ்சம் குடைந்தார். துரு தின்ற சுவர் உடைந்து, இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் ஓடும் பக்கம் தெரிந்தது. பிளாக் முடிந்தது.

ராஜேந்திரன் வந்து உடைந்த பிளாக்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "யாரு செஞ்ச வேல இது? எம்புள்ளைங்க வாயில மண்ணப் போட்டது யாரு?" நான் வாயைத் திறக்குமுன் நானா முன்னால் வந்தார். "என்ட பிழை தம்பி. செல்வம் செரியாத்தான் சென்ன. என்ட காதுல பிழையா விழுந்த."

நான் நின்றேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? வில்கமுவ லொறிகள்தான் என் கராஜுக்குச் சோறு. அது போய்விடுமே என்ற பயம். ராஜேந்திரன் போன பிறகு, "ஏன் நானா அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "ஒன்ட பேர் போனா ஆள் வராது. என்ட மெஷின் எங்க போகப் போற? இங்கதான் கெடக்கும்" என்று சிரித்தார்.

மெஷின் அங்கேயேதான் கிடந்தது. பிளாக்குகள்தான் கண்டிக்குப் போயின. அந்த ஆளுக்குக் காது போச்சு, கண்ணும் போச்சு என்று ராஜேந்திரன் போகிற கடையெல்லாம் சொன்னான். நானா மெஷினைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாரத்துக்கு ஒரு தடவை போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒரு நாளும் நான் சொல்லவில்லை. அவரும் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஜனாஸா அடக்கத்தன்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்றேன். அவருடைய தம்பி கூட்டத்தைப் பார்த்து, "நானா யாருக்காவது பிழை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கோங்க" என்றார். எனக்குப் பக்கத்தில் ஒரு குரல், "நான் மன்னிச்சிட்டேங்க" என்றது. ராஜேந்திரன். வில்கமுவயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். இப்போது வேறொருவரின் லொறி ஓட்டுகிறானாம். என் தோளில் கை வைத்து, "போன மனுசன் மேல என்னண்ணே கோபம்" என்றான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நானாவைச் சுமந்த சந்தூக்கு என்னைத் தாண்டிப் போனது. நானா கேட்கக்கூடிய தூரத்தில் எனக்குக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பம் அது. அதையும் விட்டேன். ச்சே, நானெல்லாம் ஒரு மனுசனா!

நஸ்ரினா, புத்தகத்தில் போட முடியாது என்றால் இதைக் கிழித்துவிடு. ஆனால் கிழிக்குமுன் ராஜேந்திரனுக்கு வாசித்துக் காட்டு. உடைந்த பிளாக் என் கராஜ் வாசலில் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் எத்தனை தடவை கேட்டும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். யார் வந்து எண் சொன்னாலும் நானாவின் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் இப்போது வேலையைத் தொடுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த இரண்டும்தான்.

ராஜேந்திரன், உன் மன்னிப்பு தேவைப்படாத ஆளுக்குப் போய்விட்டது. நானாவின் காதில் எதுவும் பிழையாக விழவில்லை. அவர் கேட்டார், எந்த ஐம்பது என்று. தவ் என்று சொன்னது நான்.