தொடலாமா என்று கேட்டவர்

“சாவப்போறவருக்குத் துணைக்கு ஆளு தேடுறியே, இதுக்குத்தான் படிச்சியா?” என்று கேட்டார் மாமா. படித்ததால்தான் தேடினேன். சிதம்பரம் வரை விசாரித்து, கடைசியில் அப்பாவோடு இருக்கக் குடிகாட்டிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, பெரிய கைகள். ஒவ்வொரு முறையும் “தொடலாங்களா?” என்று கேட்டு, அப்பா கண்ணசைத்த பிறகே தொடுவார்.

அப்பாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் மாமா வாயில் பால் ஊற்ற வந்தார். அந்த அம்மா குறுக்கே நின்றார்.

“பொரையேறிடும்ங்க. வேணுமான்னு அவரையே கேளுங்க.”

“எங்களுக்குச் சொல்ல வந்துட்டியா? நீ என்ன ஆளுங்க?”

“அவரு ஒரு தடவகூட அதக் கேக்கலீங்க.”

அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாவின் விரலைப் பிடித்தபடியே போனார்.

கருமாதிக்கு அவரை அழைக்கக் கூடாதாம், மாமா சொல்கிறார். நேற்றே குடிகாட்டுக்குப் போய், பத்திரிகையை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.