எடுத்து வைத்த ஆயில்

அவரை எல்லோரும் மூக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கு ஒன்றும் பெரிதல்ல. பட்டறைக்கு ஆட்டோமேட்டிக் கியர் வண்டி எது வந்தாலும், கியர்பாக்ஸின் அளவுக் கம்பியை உருவி, நுனியில் இருக்கும் ஆயிலை வெள்ளைத் துணியில் ஒற்றி முதலில் மோந்து பார்ப்பார். கம்ப்யூட்டரை மாட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. பெரும்பாலும் இரண்டும் ஒன்றையே சொல்லும்.

"காலையில நான் என்ன சாப்பிட்டேன், மோந்து சொல்லுங்க பார்ப்போம்" என்று பட்டறை எலெக்ட்ரீஷியன் வம்புக்கு இழுப்பான்.

"சாப்பிட்டது தெரியல. குளிக்கலேன்னு தெரியுது."

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கருகின ஆயிலை அவர் மாற்றுவதில்லை. கியர்பாக்ஸுக்குள் அடுக்கடுக்காகத் தகடுகள் உண்டு. அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தால்தான் கியர் விழும். தேய்ந்த வண்டியில் அந்தத் தகடுகளின் தூள் ஆயிலிலேயே கலந்து கிடக்கும். மிச்சமிருக்கும் பிடி அந்தச் சொரசொரப்பால் வருவது. புது ஆயில் ஊற்றினால் அதையும் கழுவிவிடும். "ஓடற வரைக்கும் ஓட்டுங்க. கொல்ற வேலை நான் செய்யமாட்டேன்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். முதலாளி முணுமுணுப்பார். அதற்கும் அசையமாட்டார்.

தங்கையின் கணவர் ஓட்டிய டாக்ஸிக்கு அந்த நோய் வந்தது. இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது இன்ஜின் ஒரு கணம் வெறுமனே கத்தும். பிறகு முதுகில் குத்தினாற்போல் கியர் விழும். மூக்கு அதை ஓட்டிப் பார்த்தார். கம்பியை உருவினார். மோந்ததும் முகம் சுண்டிவிட்டது.

"மாப்பிள்ளை, தகடு போச்சு. இந்த மாடலுக்குத் தகடு இப்ப எங்கேயும் கிடைக்கறதில்ல. இரண்டாவதுல போகும்போது காலை லேசா எடுங்க, அதுவா மூணுக்கு மாறட்டும். மேட்டுல மிதிக்காதீங்க. ஒரு ஆறு மாசம் வரும்."

"பொண்ணு படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கு மச்சான்."

"தெரியும்."

அடுத்த வாரம் தங்கை அவர் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"ஊர்ல இருக்கறவன் வண்டிக்கெல்லாம் ஆயில் மாத்தற. எங்க வண்டின்னா மோந்து பார்த்துட்டு அனுப்பற."

"மாத்தினா நின்னுடும்மா."

"ஆயில் மாத்தி நின்னுபோன வண்டிய நான் கேள்விப்பட்டதே இல்ல. எங்க தெரு மெக்கானிக் மாத்தினா போதுங்கறான்."

"அப்ப அவன்கிட்டயே மாத்திக்க வேண்டியதுதானே?"

"கூடப் பிறந்தவன் இருக்கும்போது எதுக்கு அவன்கிட்ட போகணும்னு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். அவனுக்கு மூக்கு இல்லண்ணா. மனசு இருக்கு."

மனைவி சமையலறையிலிருந்து, "செஞ்சுதான் குடுங்களேன்" என்றாள். தங்கை தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். டம்ளர் மேசைமேல் அப்படியே இருந்தது. மறுநாள் காலையிலும் அதை யாரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வரச் சொன்னார். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார். தூளைப் பிடிக்க உள்ளே வைத்திருந்த காந்தத்தில் கறுப்புப் பசை விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. அதைப் பார்த்த பிறகும் துடைத்துவிட்டுப் புது ஆயிலை ஊற்றினார். வடிந்த ஆயிலை வழக்கம்போல் கழிவு டிரம்மில் கொட்டவில்லை. வெள்ளை கேன் ஒன்றில் பிடித்து, வண்டி நம்பரை அதன்மேல் எழுதி, மேசைக்கடியில் தள்ளி வைத்தார். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

நாலு நாள் வண்டி வெண்ணெய்போல் ஓடியது. தங்கை போனில் சிரித்தாள். "பார்த்தியா? இதைத்தானே அன்னிக்கே சொன்னேன்." அவரும் சிரித்தார். அந்த நாலு நாளும் தன் மூக்கு பொய் என்று நம்பப் பார்த்தார். ஏறக்குறைய நம்பியும்விட்டார்.

ஐந்தாம் நாள் பாலத்து ஏற்றத்தில், சவாரியோடு, மூன்றாவது கியர் விழவே இல்லை. அப்புறம் இரண்டாவதும். மத்தியானம் வேறொரு வண்டி அதைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தது. டாக்ஸியின் பின்சீட்டில், செய்தி கேட்டு ஓடிவந்த தங்கை உட்கார்ந்திருந்தாள்.

மூக்கு புது ஆயிலை வடித்தார். மேசைக்கடியிலிருந்து கேனை இழுத்தார். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டி, வெளித் தூசி மட்டும் நிற்கும்படி கறுப்பு ஆயிலை வடிகட்டத் தொடங்கினார். எலெக்ட்ரீஷியன் புனலைப் பிடித்துக்கொண்டான்.

தங்கை கேன்மேல் இருந்த நம்பரைப் படித்தாள்.

"என்னது இது?"

"பழைய ஆயில்."

"எங்க வண்டியோடதா?"

"ஆமா."

"எல்லார் வண்டியோடதும் இப்படித்தான் எடுத்து வெப்பியா?"

அவர் பதில் சொல்வதற்குள் எலெக்ட்ரீஷியன் வெள்ளந்தியாகச் சொன்னான். "இல்லக்கா. எல்லாம் டிரம்முலதான் கொட்டுவோம்."

ஆயில் துணி வழியாகச் சொட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"சொன்னேனேம்மா."

"சொன்னே. சொல்லிட்டு ஏன் செஞ்சே?"

"விடு, நீதானே நச்சரிச்சே" என்றார் கணவர்.

"நான் நச்சரிச்சேன். எனக்கு என்ன தெரியும்? இவருக்குத் தெரியும்."

பிறந்ததிலிருந்து அவள் அவரை அண்ணா என்றுதான் சொல்லியிருக்கிறாள்; 'இவர்' என்றது அன்றுதான்.

ஆயிலை ஊற்றினார். கணவர் இன்ஜினைக் கிளப்பிக் கியரைப் போட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. கேட் வரை போனது. மூக்கு இரண்டடி கூடவே ஓடினார். பிறகு இன்ஜின் மட்டும் உறுமியது. சக்கரம் அசையவில்லை. ரிவர்ஸும் இல்லை. கணவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். தங்கை முன்கதவைத் திறந்து, மகளின் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தாள்.

தங்கையின் கணவர் இப்போது ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிறார். மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். டாக்ஸி பட்டறை வாசலிலேயே இருக்கிறது. வண்டியைத் தூக்கும் லிஃப்டுக்கு வேறு வண்டி போக வேண்டுமானால் காலையில் அதை ஓரமாகத் தள்ள வேண்டும். மூக்கும் எலெக்ட்ரீஷியனும் தள்ளுவார்கள். பெட்ரோல் இன்னும் பாதி டேங்க் இருக்கிறது.

போன மாதம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். மூன்றாவது கியர் குத்துகிறது, ஆயில் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார்.

"மாத்திடலாம்" என்றார் மூக்கு.

எலெக்ட்ரீஷியன் நிமிர்ந்து பார்த்தான். "கம்பிய உருவலையா?"

"எதுக்கு?"

வடிந்த ஆயிலைக் கொண்டுபோய் டிரம்மில் கொட்டினார். கடைசிச் சொட்டு விழும்வரை தட்டைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்.